திரும்பி வரும் டப்பா

பட்டறையில் அவருக்கு முக்கால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். பேருந்து நடத்துநர்கள் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவருக்கு வேலை. மழையில் நனைந்தது, படிக்கட்டில் உருண்டது, டீ குடித்தது என்று நாளைக்கு நாற்பது மெஷின் மேசைக்கு வரும். மெஷினோடு ஒரு சீட்டும் வரும். சீட்டில் "ரிப்பேர்" என்று எழுதியிருக்கும். அது ரிப்பேர் என்று தெரியாமலா அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்?

ஆள் குள்ளம், கை அதற்கும் குட்டை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே கம்பெனியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தார்கள். கிடாருக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். அடிக்குரல் மட்டும் தரும் பேஸ் கிடாருக்கு ஒருவரும் வரவில்லை. எந்த ஊர்க் குழுவிலும் கதை இதுதான். மிச்சமிருந்த இவர் தலையில் அதைக் கட்டினார்கள். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் முப்பத்து நான்கு அங்குலம். முதல் கட்டையை அழுத்துவதற்குள் பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுப்பதுபோல் இவருக்கு விலா இழுத்துக்கொள்ளும். பழைய சாமான் கடையில் முப்பது அங்குலத்தில் ஒன்று கிடைத்தது. ஷார்ட் ஸ்கேல் என்பார்கள். அதைப் பார்த்த டிரம்மர், "என்னய்யா இது, முக்கால் பேஸா?" என்று கேட்டான். வாத்தியத்துக்கு வைத்த பெயர் ஒரே வாரத்தில் ஆளுக்கு வந்துவிட்டது. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே என்று இவரும் சிரித்துவிட்டுப் போனார்.

குழு நாலு வருஷம் தாக்குப் பிடித்தது. ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு இரட்டைக் குழந்தை, டிரம்மருக்கு முதுகுவலி. முக்காலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் தள்ளிப்போடவும் ஆளில்லாமல் போனது. அம்மா இருந்தவரை இரண்டு அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அப்புறம் இரண்டு அறையில் ஒரு ஆளும் ஒரு பேஸும். பேஸைத் தனியாக வாசிப்பது, கதை சொல்ல ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டுவது மாதிரி. அதையும் அவர் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் விடாமல் கொட்டினார்.

பெடல் செய்ய ஆரம்பித்தது பொழுது போகாமல்தான். காலால் மிதித்தால் வாத்தியத்தின் குரலைக் கரகரப்பாக்கித் தரும் பெட்டி அது. கடையில் விற்பதெல்லாம் கிடாருக்கென்று செய்தது. பேஸை அதில் செருகி மிதித்தால் கரகரப்பு வரும், அடிக்குரல் காணாமல் போய்விடும். முக்கால் ஒரு வழி கண்டுபிடித்தார். குரலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கெடுத்து, மறு பாதியைக் கெடுக்காமல் விட்டு, கடைசியில் சேர்த்துவிடுவது. அலுமினியச் சாப்பாட்டு டப்பாவுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, மூடியில் மிதி பொத்தானையும் மூன்று குமிழையும் பொருத்துவார். குமிழ்களுக்குப் பக்கத்தில் பெயின்டில் எழுதியிருக்கும்: சத்தம், கரகரப்பு, அடி.

ஊரில் இருந்த இசைக்கருவிக் கடையில் ஒரு அட்டை ஒட்டினார். "பேஸுக்கு மட்டும். மிதித்தால் அடிக்குரல் போகாது." அட்டையின் கீழே அவர் முகவரி. கடைக்காரர் மூலமாக ஏழு டப்பா ஏழு ஊருக்குப் போனது. போனது போனதுதான். நன்றாக வேலை செய்கிற சாமானுக்கு யார் கடுதாசி போடப் போகிறார்கள்?

ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

பார்சலைப் பிரித்தால் டப்பாவைச் சுற்றி, அடிபடாமல் இருக்க, பழைய பேஸ் கம்பிகள் திணித்திருந்தன. நடுவில் வெட்டி எடுத்த கம்பிகள். ஒரு புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது.

"சார், மிதிச்சா சில நேரம் பேச மாட்டேங்குது. நான் எங்க ஊர் குடிநீர் ஆபீஸ்ல புகார்ப் பிரிவு. நாள் பூரா போன்ல 'மேடம், மேடம்'னு அடுத்தவங்க சொல்ற புகாரைக் கேக்கறேன், ஒரு தடவை நானும் சொல்லிக்கறேன். வீட்டுக்கு வந்தா போனைத் தொடவே மாட்டேன், அதனாலதான் எழுதறேன். இந்த டப்பா இல்லாம வாசிக்கப் பிடிக்கல."

கீழே பெயர் இல்லை, பார்சலின்மேலும் தெருவும் ஊரும் மட்டும்தான். 'புகார்ப் பிரிவு' என்றே கையெழுத்து.

பேட்டரி ஒயர் ஒன்று அறுந்திருந்தது. பத்து நிமிஷ வேலை. முக்கால் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார், பதில் எழுத வேண்டுமே. கடைசியில் எழுதியது நாலு வரி. இதுதான்: "மேடம், உங்களுதும் ஷார்ட் ஸ்கேல்னு கம்பியைப் பார்த்தாலே தெரியுது. இங்க கடையில நீளக் கம்பிதான் விக்கறாங்க. அதோட தடிச்ச பாகம் முறுக்காணியில சுத்தி ஒடிஞ்சு போகுது. பழசை வெட்டாம அனுப்பினா நான் உபயோகப்படுத்திக்குவேன்."

வெட்டி எடுப்பது ஒரு நொடி வேலை. வெட்டாமல் எடுக்க, ஒவ்வொரு ஆணியாகத் தளர்த்தி, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, சுருட்டிக் கட்ட வேண்டும். அடுத்த முறை டப்பா வந்தபோது நாலு கம்பியும் முழுசாக, வெள்ளை நூலால் கட்டி, டப்பாவின்மேல் வைத்திருந்தது.

அந்த முறையும் நிஜமான கோளாறுதான். ஒரே இரைச்சல். கடிதம் இந்தத் தடவை இரண்டு படிவம். அலுவலகத்தில் நாலு பேர் குழு, தலைமைக் கணக்கர் டிரம்ஸ், அவருக்குக் கணக்கு வரும் தாளம் வராது. "ஒரே ஒரு நாள் வீட்டுல போனைத் தொட்டு அவருக்கு வாசிச்சுக் காட்டினேன் சார். யாரோ தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குன்னாரு. பேஸ் போன்ல போகாது போல. மத்தவங்க குரல் எல்லாம் போகுது."

கம்பியை முக்கால் கொதிக்க வைத்தார். பேஸ்காரர்களுக்குத் தெரிந்த வித்தை அது. பழைய கம்பியின் சுருளுக்குள் விரல் அழுக்கு இறங்கி ஒலி மங்கிப்போகும். பாத்திரத்தில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டுத் துடைத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். அது ஞாயிற்றுக்கிழமை. அக்கா போன் செய்யும் நேரம். அக்காவும் வேறு ஊரில்தான். ஞாயிறு தவறாமல் விசாரிப்பாள்.

"என்னடா சமையல்?"

"கம்பி வேகுதுக்கா."

"பல்லு போற வயசுல கம்பி திங்கறியா?" என்று சிரித்த அக்கா, குரலை இறக்கிக்கொண்டாள். "யாருகிட்டயாவது பேசறியாடா நீ? ஒரு நாளைக்கு நாலு வார்த்தையாவது?"

"பேசறேன்க்கா. ஒருத்தங்க லெட்டர் போடறாங்க."

"யாரு?"

"புகார்ப் பிரிவு."

"உன்மேல புகாரா?" என்றாள் அக்கா. அவளுக்குப் புரியவைப்பதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது.

கம்பியை மாட்டியபோது ஒன்றைக் கவனித்தார். ஒரே நீளமுள்ள பேஸ் என்பதால், அங்கே முறுக்கிய வளைவு இங்கே இவருடைய ஆணியில் பிசகாமல் உட்கார்ந்தது. வேறொரு கை வளைத்த வளைவு. அன்றைக்கு ஒரு மணி நேரம் என்பது இரண்டரை மணி நேரமாக நீண்டது. அந்த இரண்டரை மணி நேரம் முக்கால் சந்தோஷமாக இருந்தார் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்கப்புறம் நடந்ததை வைத்து அதையும் பொய் என்று சொல்லிவிடக் கூடாது.

அப்புறம் நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. டப்பா நன்றாக வேலை செய்தது, அதுதான் காரணம். முக்கால் படியேறும்போதெல்லாம் கதவடியைப் பார்த்தார். மின்கட்டண ரசீது கிடந்தது, பல் ஆஸ்பத்திரி விளம்பரம் கிடந்தது. பார்சல் இல்லை. சும்மாவே ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம்தான். பழுது பார்க்கிறவனுக்குப் பழுது இல்லாத இடத்தில் என்ன வேலை என்று அவருக்கு ஒரு கூச்சம். ஐம்பத்து நாலு வயது வரை அந்தக் கூச்சத்தோடு வாழ்ந்துவிட்டார்.

மூன்றாம் முறை வந்தபோது ஒரு நட்டு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை இறுக்கினார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. இதை இப்படியே அனுப்பினால் வருஷக்கணக்கில் பேசும். வருஷக்கணக்கில் திரும்பி வராது.

டிக்கெட் மெஷின்களில் அவர் தினமும் சரிசெய்யும் கோளாறு ஒன்று உண்டு. டிரை சால்டர் என்பார்கள். உருகிய ஈயம் ஆறும் நேரத்தில் ஒயர் அசைந்துவிட்டால், பற்று பளபளவென்று இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். ஒட்டியதுபோலவே இருக்கும், வேலையும் செய்யும். ஆறு வாரமோ எட்டு வாரமோ குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் விட்டுவிடும். இப்படிப் பற்று வைக்கிற கத்துக்குட்டிகளை முக்கால் வாய் கூசாமல் திட்டியிருக்கிறார்.

சால்டரிங் கோலைச் சூடாக்கினார். நன்றாக இருந்த ஒரு பற்றை உருக்கினார். அது ஆறும்போது இடுக்கியால் ஒயரை லேசாக அசைத்தார்.

இந்த இடத்தில் முக்காலுக்கு வக்கீலாக நான் நிற்கப் போவதில்லை. வேலியே பயிரை மேய்ந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது வாரம் டப்பா வந்தது. மேலே நூல் கட்டிய கம்பிகள். கடிதம் மூன்று படிவம்.

"ஆபீஸ்ல ஒருத்தர் ஓய்வு பெற்ற விழா சார். பாதிப் பாட்டுல டப்பா வாயை மூடிக்கிச்சு. பரவாயில்ல, யாருக்கும் தெரியல. எனக்கு மட்டும்தான் உசுரு போயிடுச்சு. உங்களைத்தான் தொந்தரவு பண்ணிக்கிட்டே இருக்கேன், மன்னிச்சுக்கங்க."

மன்னிச்சுக்கங்க என்ற வார்த்தையில் முக்காலின் கண் நின்றுவிட்டது. இனிமேல் இல்லை என்று அம்மா படத்துக்கு எதிரிலேயே சொல்லிக்கொண்டார். பற்றைச் சுத்தமாக எடுத்தார், புதிய ஈயம் வைத்தார், ஒயரைப் பிடித்துக்கொண்டார். அதே கணத்தில் கதவடியில் கிடந்த மின்கட்டண ரசீதும் பல் ஆஸ்பத்திரி விளம்பரமும் ஞாபகத்துக்கு வந்தன. கை அசைந்தது. அசைந்ததா, அசைத்தாரா என்று அவரைக் கேட்டால் அசைந்தது என்றுதான் சொல்வார். குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படிச் சொல்லும்?

டப்பாவை அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை, பார்சல் இல்லாமல் வெறும் கார்டு ஒன்று வந்தது.

"சார், சனிக்கிழமை எல்லா இலாகா குழுக்களுக்கும் போட்டி. பெரிய அரங்கம், ஆயிரம் பேர். நாங்க வாசிக்கிற பாட்டு பேஸ்லதான் ஆரம்பிக்குது. பன்னிரண்டு சுற்று நான் மட்டும், உங்க டப்பாவோட. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா எல்லாரும் என்னைக் கேக்கப் போறாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

முக்கால் வாரங்களை விரல்விட்டு எண்ணினார். கடிதம் போட்டால் போய்ச்சேர நாலு நாள். நேரில் போகலாம் என்றால் சனிக்கிழமை பார்த்து மெஷின் கணக்கெடுப்பு, விடுப்புக்கு வழியில்லை. வீட்டுப் போன் எண் தெரியாது. தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். அது ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: குடிநீர்ப் புகார்களுக்கு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், பட்டறையின் பின்பக்கப் படிக்கட்டில் நின்றுகொண்டு அழைத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது பதிவுக் குரல். வரிசையில் பதினோராவது ஆள். இருபது நிமிஷம் கழித்து ஒரு ஆண் குரல் வந்தது.

"குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க, என்ன புகார்?"

முக்காலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தண்ணி வரல," என்றார்.

"எந்தத் தெரு?"

அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த தெரு ஒன்றுதான், பார்சலில் இருந்த தெரு. அதைச் சொன்னார். உடனே ஆள் அனுப்புவதாக உறுதியளித்தது ஆண் குரல். போனை வைத்துவிட்டு, யாரோ ஒருவர் ஸ்பேனரோடு அந்த அம்மாவின் தெருவுக்குப் போகப் போகிறார் என்று நினைத்ததும் அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மறுபடி அழைத்தார். இப்போது ஒன்பதாவது ஆள். இந்தத் தடவை பெண் குரல். கொஞ்சம் அடைத்த குரல், வேலைக்கென்று இஸ்திரி போட்டு வைத்த குரல்.

"குடிநீர்ப் புகார்ப் பிரிவு. சொல்லுங்க சார்."

"மேடம், நீங்க பேஸ் வாசிக்கறவங்களா?"

பின்னால் வேறு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"டப்பா சாரா?" என்றது குரல். அதில் இஸ்திரி இல்லை.

"ஆமா மேடம். ஒரு விஷயம். டப்பாவை இன்னைக்கே திறங்க. இடது மூலையிலிருந்து ரெண்டாவது பற்று, சாம்பல் கலர்ல இருக்கும். உங்க ஆபீஸ்ல கேபிள் வேலை பார்க்கறவர் யாராவது இருப்பாங்க. ஒரு தடவை சூடு காட்டிப் புது ஈயம் வைக்கச் சொல்லுங்க. ஆறற வரைக்கும் ஒயர் அசையக் கூடாது."

"நல்லாத்தானே சார் இருக்கு. நேத்துகூட வாசிச்சேன்."

"சனிக்கிழமை போயிடலாம்."

"அது போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் தயாராக இருந்தது. வாங்கின ஈயம் மட்டம் என்று சொல்வதாக ராத்திரியே முடிவு செய்து மனப்பாடமும் செய்திருந்தார். சொல்லியிருந்தால் அந்த அம்மா நன்றி சொல்லியிருப்பார், கடிதங்களும் தொடர்ந்திருக்கும். ஆனால் கேள்வி அத்தனை வெள்ளையாக வந்தது.

"நான்தான் அப்படி வெச்சேன்," என்றார் முக்கால். "வேணும்னே. போன தடவையும் நான்தான்."

"ஏன் சார்?"

"திரும்பி வரணும்னு."

அந்த அம்மா ஓய்வு விழாவைத்தான் நினைக்கிறார் என்று முக்காலுக்குத் தெரிந்தது. பிறகு விசைப்பலகையின் சத்தம். யாரோ மேலதிகாரி பின்னால் வந்து நின்றிருக்க வேண்டும், அல்லது யாருமே இல்லாமலும் இருக்கலாம். குரல் மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தது.

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன் சார். புகார் எண் நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்லைங்க."

"அழைத்ததற்கு நன்றி."

முக்கால் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. சனிக்கிழமை கணக்கெடுப்பில் முன்னூற்றுப் பத்து மெஷின்களை எண்ணும்போது இரண்டு தடவை கணக்கு விட்டுப்போனது. அங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. மறுபடி அந்த எண்ணுக்கு அழைக்க அவருக்கு முகம் இல்லை.

ஒரு வாரம் போனது. இரண்டு, மூன்று. நாலாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது, முந்தின நாள் தபாலில் வந்த ஒரு தடித்த உறை கிடந்தது. டப்பா அடங்குகிற அளவு இல்லை. தடவிப் பார்த்தார். வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்து பிரித்தார்.

நாலு கம்பிகள். முழுசாக, சுருட்டி, வெள்ளை நூலால் கட்டியிருந்தன. கூடவே ஒரு படிவம். இந்தத் தடவை பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில், அச்சடித்த கட்டங்களில், நீல மையில் நிரப்பியிருந்தது. புகார் எண்: 4417. நடவடிக்கை: சூடு காட்டப்பட்டது. பன்னிரண்டு சுற்றும் பேசியது. நிலை: முடிக்கப்பட்டது.

உறையைத் திருப்பிப் பார்த்தார். அனுப்புநர் என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது. இதுவரை ஒரு பார்சலில்கூட அந்த அம்மா அதைக் காலியாக விட்டதில்லை. முகவரி இவருக்கு மனப்பாடம், அது வேறு விஷயம். எழுத வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாக யாரால் சொல்ல முடியும்?

அடுப்பில் தண்ணீர் வைத்தார். கம்பியை நூல் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கை நின்றது. சுருள்களுக்குள் அழுக்கே இல்லை. விரல் படும் இடத்தில்கூட மங்கவில்லை. போட்டிக்கென்று புதிதாக மாட்டி, போட்டி முடிந்ததும் கழற்றிய கம்பி. வழக்கமாக அந்த அம்மா நன்றாக வாசித்துத் தேய்த்துத்தான் அனுப்புவார். அடுப்பை அணைத்தார்.

கம்பியை மாட்டினார். வளைவுகள் ஆணியில் சரியாக உட்கார்ந்தன. இந்தக் கம்பியைத்தான் ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு சுற்று என்ன சுற்று என்பது இவருக்குத் தெரியாது, என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒரு கடிதத்திலும் இவர் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். அத்தனை கடிதங்களில் ஒயரைப் பற்றியும் நட்டைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறார்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"லெட்டர் போடறாங்கன்னியே, அந்தப் புகார்ப் பிரிவு, போடறாங்களா?"

"இனிமே வராதுக்கா."

"ஏன்?"

"நான்தான் கெடுத்துட்டேன்." கழற்றிய வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டார். "நல்லா இருந்ததை நானே கெடுத்துட்டேன்க்கா."

அக்கா திட்டவில்லை. "என்னடா கெடுத்த? சொல்லு. நான் கேக்கறேன்," என்றாள்.

முக்கால் பதிலுக்குப் போனை மடியில் வாத்தியத்தின் பக்கத்தில் வைத்தார். இருப்பதிலேயே தடித்த கம்பியை மெதுவாக மீட்டினார். அறை முழுக்க அது நிறைந்தது, மேசைமேல் இருந்த டம்ளர்வரை அதிர்ந்தது. இன்னொரு தடவை மீட்டினார், அப்புறம் இன்னொரு தடவை. அது அடங்கும்வரை காத்திருந்து போனை எடுத்தார்.

"கேட்டுச்சாக்கா?"

"யாரோ தகரத்தைத் தட்டற மாதிரி இருந்துச்சுடா. வேற ஒண்ணும் கேக்கலையே," என்றாள் அக்கா.